ஒன்பதாம் கோடு

செப்டம்பர் 4

கோரைமுனை வந்து சேர்ந்தாயிற்று. கடைசி பஸ் நிறுத்தத்திலிருந்து ஒன்றரை மைல் நடை. மாதா கோயிலை ஒட்டிய விருந்தினர் அறையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். மின்விசிறி ஒரே வேகத்தில்தான் சுற்றும். குழாயில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீர் தனியாக வாங்க வேண்டும்.

வேலை இதுதான். இருபத்தெட்டு கிலோமீட்டர் கரை. அதன் முன்னால் உள்ள ஆழமில்லாத கடலில் எந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும், எந்த இடத்தில் படகு அணைய ஜெட்டி கட்டி, அதற்குக் கால்வாய் தோண்டலாம் என்று வரைபடத்தில் பிரித்துக் காட்ட வேண்டும். அறுபது நாள். காப்பாற்ற வேண்டியது முக்கியமாகக் கடல்தாழை. அது பாசி இல்லை, கடலுக்கு அடியில் வளரும் புல், நண்டும் மீனும் கடல்குதிரையும் குஞ்சாக இருக்கும்போது அதற்குள்தான் ஒளிந்து வளர்கின்றன என்று இந்த இரண்டு மாதத்தில் நூறு பேருக்காவது சொல்ல வேண்டியிருக்கும். இப்போதே வாய் வலிக்கிறது.

புதிதாகக் கடலில் இறங்கி அளக்க அனுமதி கேட்டால் வருவதற்கு நான்கு மாதம் ஆகுமாம். அறிக்கைக்கு இரண்டு மாதம். “இருக்கிற தரவை வச்சு முடிச்சுக் குடுங்க மேடம்” என்றார் திட்ட இயக்குநர். இருக்கிற தரவு என்றால் பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆராய்ச்சி மாணவி எடுத்த பன்னிரண்டு கோடுகள். அந்த மாணவி நான்தான்.

செப்டம்பர் 5

ஆய்வேட்டைப் பையிலிருந்து எடுத்தேன். அட்டை பிரிந்துவிட்டது. ஒரு கோடு என்பது கரையிலிருந்து நேராகக் கடலுக்குள் இரண்டு கிலோமீட்டர். நூறு மீட்டருக்கு ஒரு இடத்தில் முங்கி, இரும்புச் சதுரம் ஒன்றைத் தரையில் வைத்து, அதற்குள் நூற்றுக்கு எத்தனை பங்கு புல் என்று குறித்துக்கொண்டு மேலே வர வேண்டும். கோட்டுக்கு இருபது இடம். பன்னிரண்டு கோட்டுக்கு இருநூற்று நாற்பது எண்கள். இருபத்தெட்டு கிலோமீட்டருக்கு இவ்வளவுதான் உலகத்திடம் இருக்கிறது.

எட்டாம் கோடு வரை கணினியில் ஏற்றினேன். பிறகு கண் எரிந்தது, மூடிவிட்டேன்.

செப்டம்பர் 7

சந்தியாகுவைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் எனக்குப் படகு ஓட்டியவர். இப்போது அறுபத்து நான்கு. படகை விற்றுவிட்டார், வலை மட்டும் பின்னுகிறார், மகன் கடலுக்குப் போகிறான். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

“உமையா தாயியா? ஆத்தீ, அப்படியே இருக்கீகளே” என்று பொய் சொன்னார். வீட்டுக்குள் பார்த்து, “ரோஸம்மா, யாரு வந்துருக்காகன்னு பாரு” என்றார்.

அவர் மனைவி ரோஸம்மாள் வாசலுக்கு வர நேரம் எடுத்தது. வலது முழங்காலுக்குக் கீழே துணி சுற்றியிருந்தது. நான்கு மாதத்துக்கு முன் திருக்கை முள் குத்தியதாம். இங்கே கடல் வற்றினால் படகு கரைக்கு வராது. முக்கால் கிலோமீட்டர் தள்ளியே நின்றுவிடும். பெண்கள் இடுப்பளவு சேற்றில் நடந்துபோய் நண்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அப்படிப் போகும்போது மிதித்துவிட்டாள். “டாக்டரு தண்ணியில எறங்காதங்கிறாரு. எறங்காட்டி என்னத்த திங்கிறது?” என்றாள். ஜெட்டி எப்போது வரும் என்று கேட்டாள். அது என் கையில் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. நம்பாததும் சரிதான்.

கிளம்பும்போது சந்தியாகு, “அந்த மாதா நேர் கோடு, பாதியில திரும்புனோமே, அதுக்கப்புறம் வேற படகுல போயி முடிச்சீகளா?” என்று கேட்டார். நல்லவேளையாகச் சாயங்கால ஜெபத்துக்கு மணி அடித்துவிட்டது. எல்லோரும் எழுந்துகொண்டார்கள்.

செப்டம்பர் 9

துணி துவைத்தேன். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே இல்லை. கணவர் மெய்யப்பன் சென்னையிலிருந்து பேசினார். வெயில் எப்படி என்று கேட்டார். வெயில்தான் என்றேன்.

செப்டம்பர் 12

சென்னை அலுவலகத்தில் வரைபடம் போடும் சஃபியா முதல் வரைவை அனுப்பியிருக்கிறாள். புல் அடர்ந்த இடம் கரும்பச்சை, குறைந்தது இளம்பச்சை, இல்லாதது மஞ்சள். கரை நெடுகக் கரும்பச்சையும் இளம்பச்சையும். கோரைமுனைக்கு நேர் எதிரே, ஒன்பதாம் கோட்டில் மட்டும், சுத்தமான மஞ்சள் பட்டை. இருபது இடத்திலும் பூஜ்யம்.

இயக்குநர் உடனே போன் செய்தார். “பிரமாதம் மேடம். ஜெட்டிக்குக் கடவுளே இடம் விட்டு வச்ச மாதிரி இருக்கு. கால்வாயை அங்கயே தோண்டிக்கலாம். யாருக்கும் நஷ்டம் இல்ல.” ஊருக்கும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. சாயங்காலம் தேநீர்க் கடையில் என்னிடம் காசு வாங்க மாட்டோம் என்றார்கள்.

தலைவலி. மாத்திரை போட்டும் விடவில்லை.

செப்டம்பர் 16

சஃபியா போன் செய்தாள். இருபத்தாறு வயதுப் பெண். எண்களைப் பார்த்தால் மனிதர்களைப் பார்ப்பதுபோல் அவளுக்கு முகம் தெரிந்துவிடுகிறது.

“மேம், ஒண்ணு கேக்கலாமா? ஒன்பதாவது லைன்ல தண்ணி வெப்பம் இருபது இடத்துக்கும் இருக்கு. அது நாலாவது லைனோட வெப்பம்தான், தசமப் புள்ளி வரைக்கும் அப்படியே. ஆழமும் மத்த லைன்ல ஏறி இறங்குது. இதுல மட்டும் பத்துப் பத்து சென்டிமீட்டரா படி கட்டுன மாதிரி போகுது.”

தட்டச்சில் ஏதாவது குழம்பியிருக்கும், பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

“மூல நோட்டு இருக்கா மேம்?”

வீடு மாறியபோது போய்விட்டது என்றேன். “சரி மேம்” என்றாள்.

செப்டம்பர் 18

விடியும்போதே கரைக்குப் போனேன். ஏன் இத்தனை நாள் போகவில்லை என்று தெரியவில்லை.

படகுகள் நண்டு வலையோடு வந்திருந்தன. பெண்கள் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, வலையைத் தொடைமேல் போட்டுக்கொண்டு, நண்டைக் கடி வாங்காமல் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நண்டைக் கூடையிலும், சிக்கிய சங்கு, சிப்பி, குப்பையைப் பக்கத்திலும் போடுகிறார்கள். ரோஸம்மாளின் பக்கத்தில் கிடந்த குப்பை பச்சையாக இருந்தது. குனிந்து எடுத்தேன். கடல்தாழை. நாடா போல அகலமான இலை, வேரோடு. புதிது. அலையில் அடித்து வந்தது இல்லை, பிடுங்கி வந்தது.

“இந்த வலை எங்க போட்டது?”

“மாதா நேர்ல தாயி.”

படகில் நின்று பார்க்கும்போது கோயில் சிலுவை நேர் பின்னால் வரும் இடத்துக்கு மாதா நேர் என்று பெயர். செல்போன் கோபுரம் பின்னால் வந்தால் டவர் நேர். என் கணக்கில் மாதா நேர்தான் ஒன்பதாம் கோடு.

செப்டம்பர் 19

ஒரே ஒரு வலையை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

செப்டம்பர் 21

டவுனுக்குப் போய்ப் பன்னிரண்டு பிளாஸ்டிக் பேசின் வாங்கி வந்தேன். வலை கழற்றும் பதினோரு பெண்களிடம் கேட்டேன். நண்டைத் தவிர வலையில் எது வந்தாலும் பேசினில் போட வேண்டும், எந்த நேரில் போட்ட வலை என்று மட்டும் சொல்ல வேண்டும், எண்ணுவது எடை போடுவது எல்லாம் என் வேலை. சிரித்தார்கள். “குப்பைக்குக் கணக்கா?” என்றாள் ஒருத்தி. ஆனால் ஒப்புக்கொண்டார்கள்.

கடலில் இறங்கத்தான் அனுமதி வேண்டும். கரையில் உட்கார வேண்டாம். இது இரண்டு வாரத்துக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வயதாகிறது, அல்லது தோன்ற வேண்டாம் என்று நினைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 27

முதுகு. ஐந்து மணி நேரம் மணலில் உட்கார முடியவில்லை. கை முழுக்க நாற்றம், எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை. சோறு இறங்கவில்லை.

டவர் நேர் வலையில் பெரும்பாலும் சேறு, சங்கு, எப்போதாவது தாழை. தெற்கே வெள்ளோடைப் பக்கம் போட்ட வலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாழை. மாதா நேர் வலை ஒவ்வொன்றிலும் தாழை.

அக்டோபர் 3

பதின்மூன்று நாள். நூற்று எழுபத்திரண்டு வலை. மாதா நேரில் போட்டவை நாற்பத்தொன்று. அதில் முப்பத்தெட்டில் கடல்தாழை. நான்கு வகை. கடல்குதிரை மட்டும் இருபத்தாறு, அதில் ஏழு ஆண், வயிற்றுப் பையில் குஞ்சோடு. மற்ற எல்லா நேரும் சேர்ந்து கடல்குதிரை மூன்று.

கடல்குதிரை வந்தால் பெண்கள் உடனே தண்ணீரில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். வைத்திருந்தால் கேஸ் என்று தெரியும். நான் எண்ணும் வரை பொறுமையில்லாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். இன்று ரோஸம்மாள் நொண்டிக்கொண்டே போய் முழங்கால் தண்ணீரில் நின்று ஒன்றை விட்டாள். டாக்டர் இறங்காதே என்று சொன்ன தண்ணீர்.

அக்டோபர் 6

இதை எழுதாமல் விடக் கூடாது.

இன்று வேலை முடிந்ததும் ரோஸம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “தாயி, ஒரு விஷயம். ஜெட்டிக்குக் கால்வாயி மாதா நேர்லதானே தோண்டப் போறாக?”

ஆமாம் என்றேன்.

“நீங்க எழுதுறது எல்லாம் மாதா நேர்ல இம்புட்டு இருக்கு அம்புட்டு இருக்குன்னுதானே. இதைக் குடுத்தா தோண்ட விடுவாகளா?”

விட மாட்டார்கள் என்று நினைக்கிறேன் என்றேன்.

அவள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணி ஈரமாக இருந்தது. ஒன்றை அவளிடம் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?”

“மூணாம் நாளே தெரியும்.”

“தெரிஞ்சும் பேசின்ல போட்டீங்களே. குப்பையோட தூக்கிப் போட்டிருக்கலாமே. நான் பார்த்திருக்கவே மாட்டேன்.”

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன தாயி பேசுறீக? வலையில வந்துச்சு. வந்ததை வரலைன்னா சொல்லச் சொல்றீக?”

எழுந்து போய்விட்டாள். நான் பேசின்களைக் கழுவினேன். பன்னிரண்டையும் கழுவினேன். பிறகு இன்னொரு தடவை கழுவினேன்.

அக்டோபர் 8

வலைக் கணக்கை இயக்குநருக்கு அனுப்பியிருந்தேன். பதில் வந்தது. மரியாதையாகத்தான் இருந்தது. கரையில் உட்கார்ந்து பெண்கள் சொன்னதைக் குறித்தது ஆர்வமூட்டும் தகவல், பின்னிணைப்பில் சேர்க்கலாம். ஆனால் முறைப்படி நடந்து, பல்கலைக்கழகம் ஏற்று, இரண்டு இதழ்களில் வெளியான ஆய்வு இருக்கும்போது, அதற்கு எதிராக இதை வைக்க முடியாது. நிபுணர் குழுத் தலைவரான பேராசிரியர் அருளானந்தமும் அதே கருத்துத்தான்.

அருளானந்தம் சார் என் வழிகாட்டி. அந்த ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டவர்.

ஆக, என்னை எதிர்த்து நானே வழக்காடித் தோற்றிருக்கிறேன்.

அக்டோபர் 10

மழைக்கு முந்தைய புழுக்கம். சந்தியாகு அறைக்கு வந்தார். உள்ளே வர மாட்டேன் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். நூல்கண்டும் ஊசியும் கையில். பின்னிக்கொண்டே பேசினார்.

“ரோஸம்மா சொன்னா. கெவர்மெண்டுக்காரவுக உங்க பழைய எழுத்தைத்தான் நம்புறாகளாம்.”

“ஆமா.”

“அந்தக் கோட்டுல நாம மூணு இடம் கூடப் போகலியே தாயி. நீங்க எதையும் எழுதாமத்தான் விட்டுருப்பீகன்னு இத்தனை நாளா நெனச்சிருந்தேன்.”

குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

“நா யாருகிட்டயும் வாய் தொறக்கல. இனியும் தொறக்க மாட்டேன். அன்னைக்குப் படகுல கெடந்த ரத்தத்தை நாந்தான் கழுவுனேன். எம் பொண்டாட்டியும் நானும் தவிர யாருக்கும் தெரியாது. ஜெட்டி வந்தா அவ காலுக்கு நல்லதுதான். அதுக்காகச் சொல்லல. நீங்க பயப்பட வேண்டாம்னு சொல்ல வந்தேன்.”

நூலைப் பல்லில் கடித்து அறுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 11

எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த வருடம் ஆகஸ்ட் 27. எனக்கு அப்போது பதினோரு வாரக் கர்ப்பம். காரைக்குடி டாக்டர் படகு, பைக் எதிலும் ஏறாதே, படுத்தே இரு என்று சொல்லி ஒன்பது நாள் ஆகியிருந்தது. நான்கு கோடு பாக்கி. காற்று மாறினால் அடுத்த வருடம்தான். உதவித்தொகை டிசம்பரோடு முடிகிறது. மெய்யப்பனிடம் அறையில் படுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படகு ஏறினேன். மூன்றாவது இடத்தில் முங்கப் போனபோது ரத்தப்போக்கு ஆரம்பித்தது. சந்தியாகு படகைத் திருப்பினார். ரோஸம்மாள் சேற்றுக்குள் ஓடி வந்து என்னைத் தூக்கினாள். அப்போது அவளுக்குக் கால் நன்றாக இருந்தது.

கரு தங்கவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து வந்து பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்றையும் முடித்தேன். ஒன்பதாம் கோட்டுக்கு மட்டும் போகவில்லை. போக முடியவில்லை. சிலுவை நேர் பின்னால் வருகிற அந்த இடத்துக்குப் படகு போனாலே எனக்கு மூச்சு முட்டியது. செய்யவில்லை என்று எழுதினால் ஏன் என்று சார் கேட்பார். அதனால் வீட்டு மேசையில் உட்கார்ந்து இருபது பூஜ்யம் போட்டேன். பார்த்த இரண்டு இடத்திலும் புல் இருந்தது. அதையும் பூஜ்யமாக்கினேன். வெப்பத்தை நாலாம் கோட்டிலிருந்து எடுத்தேன். அங்கே எதுவும் இல்லை என்று எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுவும் உண்மை.

ஒன்றும் இல்லாத இடத்தை யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள் என்று நினைத்தேன். இல்லை என்று எழுதினால் தோண்ட வருவார்கள் என்று தோன்றவில்லை.

அக்டோபர் 13

மதியம் மெய்யப்பனுக்குப் போன் செய்து சொன்னேன். குழுவிடம் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொல்ல வேண்டும் என்று பட்டது. படகில் ஏறினேன் என்பதைச் சொன்னேன்.

லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ என்றேன்.

“இருக்கேன்” என்றார். பிறகு, “ஆஸ்பத்திரியில உன் துணியை நான்தான் பையில போட்டேன் உமையா. எல்லாம் சேறும் உப்பும். குளியலறையில சேறு ஏது?”

“ஏன் கேக்கல?”

“நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். அப்புறம் நாள் போயிடுச்சு.”

சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். சாப்பிடு என்றார்.

அக்டோபர் 15

மழை. படகு போகவில்லை. படுத்தே இருந்தேன்.

அக்டோபர் 17

கூட்டம் முடிந்தது. பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது.

ஒன்பது பேர் மேசையைச் சுற்றி. திரையில் சஃபியா போட்ட வரைபடம். மஞ்சள் பட்டையில் ஜெட்டிக்குச் சின்னதாக ஒரு நங்கூரம் வரைந்திருந்தார்கள். என் முறை வந்ததும் எழுந்து, ஒன்பதாம் கோடு அளக்கப்படவில்லை, அந்த எண்கள் நான் வீட்டில் உட்கார்ந்து எழுதியவை என்றேன். காரணம் சொல்லவில்லை. உடல்நலம் என்றுகூடச் சொல்லவில்லை.

இயக்குநர் முதலில் புரியாமல் சிரித்தார். “நீங்க மத்த கோட்டையும் அப்படித்தான் எழுதியிருக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?” என்றார் ஒருவர். இதற்குத்தான் நான் பயந்தது. மீதிப் பதினொன்றும் முங்கி முங்கி எடுத்தவை. அவற்றை நம்பித்தான் வடக்கே பத்து கிலோமீட்டர் காப்பிடமாகப் போகிறது. ஒன்றைச் சொன்னால் பதினொன்றும் விழலாம். நிச்சயம் எதுவும் இல்லை என்றேன். வலைக் கணக்கைப் பாருங்கள், அது ஒன்பதாம் கோட்டில் மட்டும்தான் என் எண்ணோடு மோதுகிறது, கோரைமுனைப் படகு போகும் மற்ற இடங்களிலெல்லாம் ஒத்துப்போகிறது என்றேன். போன் வழியாகக் கூட்டத்தில் இருந்த சஃபியா, யாரும் கேட்காமலே, “நான் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன் சார், மேம் சொல்றது சரி” என்றாள்.

அருளானந்தம் சார் கூட்டம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. எழுபத்து மூன்று வயது. வெளியே வராந்தாவில் கைத்தடியோடு நின்றிருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

“அன்னிக்கே ‘இந்தக் கோடு செய்யப்படவில்லை’ன்னு ஒரு வரி எழுதியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்மா” என்றார். “பதினொன்னு போதும். எனக்கு அது பெரிய விஷயமே இல்ல.”

கார் வந்தது. கதவைத் திறந்துவிட்டேன். என்னைப் பார்க்காமல் ஏறிக்கொண்டார்.

அக்டோபர் 27

கடிதங்கள் வந்துவிட்டன. ஒன்று: என் ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்படுகிறது. இரண்டு: பல்கலைக்கழகம் முப்பது நாளில் விளக்கம் கேட்கிறது. பட்டம் என்ன ஆகும் என்று தெரியவில்லை. மூன்று, சஃபியா தனியாக அனுப்பியது: குழுவின் முடிவு. பதினொரு கோடுகள் ‘தற்காலிகமாக’ ஏற்கப்படும். முறையான ஆய்வு நடக்கும் வரை மாதா நேரில் தோண்டுவதில்லை. ஜெட்டி மூன்று கிலோமீட்டர் தெற்கே, வெள்ளோடையில்.

பெட்டி கட்ட ஆரம்பித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 29

ஊருக்குச் செய்தி போய்விட்டது. தேநீர்க் கடையில் காசை வாங்கிக்கொண்டு மீதியை மேசையில் வைத்தார்கள், கையில் கொடுக்கவில்லை.

ரோஸம்மாள் வீட்டுக்கு நானே போனேன். உட்காரச் சொல்லவில்லை. சந்தியாகு தலையைத் தூக்காமல் வலை பின்னினார்.

“மூணு கிலோமீட்டரு” என்றாள். “கூடையைத் தலையில வச்சுக்கிட்டு மூணு கிலோமீட்டரு வெள்ளோடைக்கு எவ நடப்பா? அங்க எறக்குனா வெலையும் அந்த ஊரு யாவாரிகதான் சொல்லுவாக. இல்லாட்டி இதே சேத்துல எறங்கணும்.”

“ஆமா.”

“நீங்க ஒங்க மனசு பாரத்தை எறக்கி வச்சுட்டீக தாயி. நாங்க சுமக்குறோம்.”

வெகுநேரம் நின்றேன். கிளம்பியபோது அவள், “அங்க இருக்குறதை இல்லைன்னு எழுதி வாங்குன ஜெட்டியில எம் மருமக நடக்கவும் வேண்டாம்” என்றாள். என்னிடம் சொன்னாளா, சந்தியாகுவிடம் சொன்னாளா என்று தெரியவில்லை.

அக்டோபர் 30

அறையை நவம்பர் முழுக்க வைத்துக்கொள்ளலாமா என்று பங்குத்தந்தையிடம் கேட்டேன். வைத்துக்கொள் என்றார். மெய்யப்பனிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். எதற்குத் தங்குகிறாய் என்று அவர் கேட்கவில்லை. உப்புத் தண்ணீரில் குளிக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 2

சஃபியா இறுதி வரைபடத்தை அனுப்பியிருந்தாள். டவுனில் பெரிதாக அச்செடுத்துக் காலையில் கரைக்குக் கொண்டுபோனேன். தங்கள் கணக்கு எங்கே போயிற்று என்று அந்தப் பதினோரு பேருக்குக் காட்ட வேண்டும் இல்லையா. ஏழு பேர் எழுந்து வந்தார்கள். ரோஸம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டினாள். கொடுத்தேன்.

மாதா நேரில் மஞ்சள் போய்விட்டிருந்தது. பச்சையும் இல்லை. சாய்வாக மெல்லிய கோடுகள் மட்டும்.

“மத்த இடமெல்லாம் கலரு. எங்க இடத்துல மட்டும் ஏன் கோடு கோடா கிறுக்கிருக்கு?”

“அங்க என்ன இருக்குன்னு தெரியாதுன்னு அர்த்தம். கீழ எழுதியிருக்கு பாருங்க. தரவு இல்லை.”

“யாருக்குத் தெரியாது?” என்றாள்.

மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். ரோஸம்மாள் தாளை மடித்து என்னிடம் நீட்டிவிட்டு, மடியில் கிடந்த வலையை இழுத்துக்கொண்டாள்.

அங்கேயே நின்று சஃபியாவுக்குப் போன் செய்தேன். குறிப்பு விளக்கத்தில் ஒரு வரியை மாற்ற வேண்டும் என்றேன்.

“ஒப்பந்தப்படி நீங்க இப்ப எனக்கு எதுவும் சொல்லக் கூடாது மேம்” என்றாள். பிறகு, “சொல்லுங்க, என்ன போடணும்?”

“‘தரவு இல்லை’யை எடுத்துடு. ‘நாங்கள் அளக்கவில்லை’ன்னு போடு. பக்கத்துலயே, ‘கோரைமுனைப் பெண்களின் வலைப் பதிவு: நாற்பத்தொரு வலையில் முப்பத்தெட்டில் கடல்தாழை’ன்னு போடு. பதினோரு பேர் பேரையும் அனுப்புறேன்.”

அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. முதல் பெயர் என்ன என்று கேட்டாள். நான் ரோஸம்மாளிடம் அவளுடைய முழுப் பெயரைக் கேட்டேன். நண்டுக் காலை வலையிலிருந்து விடுவித்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், சொன்னாள்.